நாலரை மணிக்குப் பிறகு...

தொடக்கப் பள்ளியில் கடைசி மணி அடித்ததும் குழந்தைகள் இரு வகையாகப் பிரிகின்றனர். நகரத்தில் வசதியுள்ள வீட்டுக் குழந்தை பரதநாட்டியம், வாய்ப்பாட்டு, கீபோர்டு என்று ஏதோ ஒரு வகுப்புக்குப் பெற்றோரின் இரு சக்கர வாகனத்தில் ஏறிச் செல்கிறது. கிராமத்துக் குழந்தை புத்தகப் பையை வீட்டில் வைத்துவிட்டு, வேலைக்குப் போன தாய் திரும்பும் வரை தெருவிலோ கைப்பேசியின் முன்போ காத்திருக்கிறது. நாலரை மணிக்கும் ஆறரை மணிக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கல்விப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், வாய்ப்புகளின் ஏற்றத்தாழ்வு நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்வது அந்த நேரத்தில்தான்.

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் வட்டத்தில் உள்ள கருவேப்பிலங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் அது. வெள்ளாற்றுப் பகுதியின் வயல்களும் விருத்தாசலம் வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளும், நகரத்தின் செராமிக் தொழிற்கூடங்களும் இச்சுற்றுவட்டார மக்களுக்கு வேலை தருபவை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இங்கு ஏராளம். இங்குள்ள ஏழு வயதுக் குழந்தை ஒன்று பாட்டோ, கூத்தோ, நாடகமோ கற்க விரும்பினால் எங்கே செல்லும்?

வழிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்துகிறது. 1956-இல் தில்லியில் தொடங்கப்பட்ட பால பவன் என்ற கருத்தின் தமிழ்நாட்டு வடிவம் இது. 5 வயது முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகள் இங்கே பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றைப் பயிலலாம். ஆனால், இம்மன்றங்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களைச் சார்ந்தே இயங்குகின்றன. கடலூரில் மாவட்ட அரசு இசைப் பள்ளி உண்டு; அதில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயது 12. விருத்தாசலத்திலிருந்தே கடலூர் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவு. பள்ளி விட்டபின் ஒரு சிறு குழந்தை அங்கு சென்று பயின்று திரும்புவது நடவாத செயல்.

பள்ளிக்குள் என்ன நிலை? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் அட்டவணையில் கலைக் கல்விக்கென ஒரு பகுதி நேரப் பயிற்றுநரைக் குறிப்பிடுகிறது. ஆனால், அந்த விதி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மட்டுமே உரியது; அதிலும் மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேல் இருக்க வேண்டும். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு இத்தகைய ஏற்பாடு அட்டவணையில் இல்லை. தமிழகத்தில் 2012-இல் ஓவியம், இசை, உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி அவர்கள் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது. கலை ஆசிரியருக்கு நாம் தரும் இடம் எத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'கலைத் திருவிழா' வரவேற்கத்தக்க முயற்சி. கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளைப் பெருமைப்படுத்தியுள்ளன. முதலில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நடத்தப்பட்ட இது பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எனினும், போட்டி என்பது அறுவடை. உழவும் விதைப்பும் ஆண்டு முழுவதும் நடந்தாக வேண்டும். அந்த உழவுக்கான ஏற்பாடு 5 வயது முதல் 10 வயது வரையிலான கிராமக் குழந்தைகளுக்கு இன்றுவரை முறையாக அமையவில்லை.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறும் உண்டு. தமிழ் நாடக உலகில் குழந்தைகள் ஒரு காலத்தில் மையமாகவே இருந்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே.சண்முகம் அந்த சபாவில் சேர்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். எம்.ஜி.ஆரும் வறுமையின் காரணமாகச் சிறு வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டவர். அச்சிறுவர்கள் தமிழையும் இசையையும் உச்சரிப்பையும் நன்கு கற்றனர். ஆனால், அதற்கு விலையாகப் பள்ளிக் கல்வியையும் பெற்றோரின் அரவணைப்பையும் இழந்தனர்.

நூறாண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. குழந்தைகள் பள்ளிக்கு வந்துவிட்டனர். கலை வெளியே நின்றுவிட்டது. குழந்தை உழைப்பிலிருந்து மீண்டது மகத்தான சமூக முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கல்வியையும் கலையையும் ஒரே குழந்தைக்கு ஒருசேரத் தருவது எப்படி என்ற கேள்வி அப்படியே எஞ்சியது.

இக்கேள்விக்கு விடை காண முயன்ற ஒரு நிறுவனம் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கியது. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும் அவருடைய துணைவியாரும் ஆய்வாளருமான ஹன்னே டி புரூயினும் 1990-இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக, 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினர். கிராமப்புறக் குழந்தைகள் அங்கே தங்கிப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்தே கற்றனர். ஆண்களே பெண் வேடமிட்டு ஆடிவந்த கலையில் சிறுமியரும் பயிற்சி பெற்று மேடை ஏறினர். 2020-இல் அக்குருகுலம் மூடப்பட்டது. கல்வியும் கலையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல என்பதை அது செயலில் காட்டியது. அதே நேரத்தில், தங்கிப் பயிலும் முழுநேரக் குருகுலத்தை ஊர்தோறும் அமைக்க இயலாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்தோறும் அமைக்கக்கூடியது, பள்ளி முடிந்தபின் அதே வளாகத்தில் நடக்கும் மாலை நேரக் கலைப் பயிலரங்குதான்.

இதனால் குழந்தைக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்பது இயல்பு. இங்கே மிகைப்படுத்தாமல் பதில் சொல்வது அவசியம். 'இசை கற்றால் கணக்கில் நூற்றுக்கு நூறு' என்ற வகையிலான விளம்பரங்களை அடிக்கடி காண்கிறோம். மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்ற நம்பிக்கை 1993-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். அவர்களிடம் காணப்பட்ட மாற்றமும் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. குழந்தைகளை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை.

முறையான ஆய்வுகள் சொல்வது வேறு. டொரண்டோவில் 6 வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம் ஆகியவற்றை மூன்று குழுக்களுக்கு ஓராண்டு கற்பித்து, நான்காவது குழுவுக்கு எதுவும் கற்பிக்காமல் ஒப்பிட்டார் உளவியல் அறிஞர் ஷெல்லன்பர்க். 2004-இல் வெளியான அவ்வாய்வில், நுண்ணறிவு அளவெண் இசை கற்ற குழுக்களில் சராசரியாக 7 புள்ளிகளும் ஏனையவற்றில் 4.3 புள்ளிகளும் உயர்ந்திருந்தது. வேறுபாடு சிறியதே. கவனிக்க வேண்டியது நாடகக் குழுவை. பிறருடன் இணங்கிப் பழகும் நடத்தையில் நாடகம் பயின்ற குழந்தைகள் தெளிவான முன்னேற்றம் கண்டனர். இசைக் குழுக்களில் அம்முன்னேற்றம் தென்படவில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வும் இத்தகையதே. கலைக் கல்வி கூடுதலாகக் கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு மீறல்கள் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. எழுதும் திறன் மேம்பட்டது. பிறர் துயரை உணரும் பண்பு வளர்ந்தது. கணிதத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது, கலைக்கு ஒதுக்கிய நேரத்தால் கணிதம் உயரவும் இல்லை, கெடவும் இல்லை. 'நேரம் வீணாகிறது' என்று அஞ்சும் பெற்றோருக்கு இந்தச் செய்தி ஆறுதல் தர வேண்டும்.

ஒரு பொருளாதார அறிஞரே இத்துறையில் இறங்கிய கதையும் உண்டு. வெனிசுலாவில் ஹோசே அன்டோனியோ அப்ரேயு என்ற பொருளாதார அறிஞரும் இசைஞருமானவர் 1975-இல் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' என்ற இயக்கம், பள்ளி முடிந்தபின் ஏழைக் குழந்தைகளுக்குக் குழுவாக இசை கற்பிக்கும் மையங்களை நாடெங்கும் அமைத்தது. அதன் 16 மையங்களில், 6 முதல் 14 வயது வரையிலான ஏறத்தாழ 2,900 குழந்தைகளிடையே நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. குழந்தைகளின் தன்னடக்கம் கூடியது. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. கல்வி குறைந்த தாய்மாரின் குழந்தைகளே அதிகப் பயன் பெற்றனர். அறிவுத்திறன் தேர்வுகளில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. அந்த இயக்கத்தின் கடுமையான கட்டுப்பாடு பற்றி விமர்சனங்களும் எழுந்துள்ளன. சிறு குழந்தைகளுக்கான கலைப் பயிற்சியில் கண்டிப்பு எந்த அளவு என்பது நாமும் எண்ணிப் பார்க்க வேண்டியதே.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், கலைப் பயிற்சி உறுதியாகத் தருபவை மூன்று: தன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமை, நாலு பேர் முன் வாய் திறந்து பேசும் துணிவு, அடுத்தவர் நிலையில் தன்னை நிறுத்திப் பார்க்கும் பக்குவம். எந்தத் தேர்வும் அளக்காத இம்மூன்றும், நேர்காணலிலும் பணியிடத்திலும் குடும்பத்திலும் தம் மதிப்பைக் காட்டுகின்றன. கல்லூரி வகுப்பறையில் முதல் தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் ஒன்றை அறிவார்கள்: அவர்களில் பலர் விடை தெரிந்தும் எழுந்து நின்று சொல்லத் தயங்குவர். அத்தயக்கத்தை இருபது வயதில் போக்குவது கடினம். ஏழு வயதில் ஒரு கதையில் சிங்கமாகவோ முயலாகவோ நின்று பேசிய குழந்தையிடம் அது வேரூன்றுவதில்லை.

அப்படியானால் நல்ல பயிலரங்கு எப்படி இருக்கும்? ஒரு குழுவில் 25 குழந்தைகளுக்கு மேல் கூடாது. ஒன்றரை மணி நேரம் போதும். வந்ததும் ஒரு கை சுண்டலோ வேர்க்கடலையோ தர வேண்டும். பசியோடு இருக்கும் குழந்தைக்குத் தாளம் ஏறாது. பிறகு வட்டமாக நின்று கைத்தாளம், மூச்சுப் பயிற்சி, உடலை அசைக்கும் விளையாட்டு. அடுத்து ஒரு பாட்டு. அதன்பின் ஒரு கதையைக் கேட்டு, அதைக் குழந்தைகளே நடித்துப் பார்த்தல். இறுதியில் அன்று என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் ஓரிரு சொற்களில் கூறுவது. திறமை உள்ளவர், இல்லாதவர் என்ற தெரிவு இவ்வயதில் கூடவே கூடாது.

அண்டையிலுள்ள புதுச்சேரியில் 'ஆழி' குழந்தைகள் நாடகக் குழுவை நடத்திவரும் வேலு சரவணனின் நாடகங்களைப் பார்த்தவர்கள், பார்வையாளராக அமர்ந்த குழந்தைகள் தாமாகவே நாடகத்துக்குள் நுழைந்துவிடுவதைக் கண்டிருப்பர். மனப்பாட வசனத்தைவிடக் குழந்தையின் பங்கேற்புக்கு முதலிடம் தரும் அந்த அணுகுமுறையே இங்கு நமக்கு வேண்டியது.

விருத்தாசலத்தின் செராமிக் பொம்மைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அப்பகுதி மக்கள் அறிவர். களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் ஒரே முகம் கொண்ட பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பொம்மைக்கு அது பொருந்தும். ஆண்டு விழாவுக்காகத் திரைப்படப் பாடல் ஒன்றின் அசைவுகளை இரண்டு வாரம் மனனம் செய்வித்து, வாடகை உடையில் குழந்தைகளை நிறுத்துவதும் அச்சு வார்ப்புப் போன்றதே. கைதட்டல் கிடைக்கும்; கற்றல் மிகக் குறைவு.

இனி, செலவு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் நிகழ்கலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினர். நால்வர் வாசிக்கும் ஓர் இசையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வாசிக்க எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ, இன்றும் அவ்வளவே தேவை. தொழிற்சாலையில் உற்பத்தித் திறன் உயர்வதைப்போல் கலையில் உயராது. ஆனால், மற்ற துறைகளில் ஊதியம் உயரும்போது கலைஞருக்கும் உயர்த்தியாக வேண்டும் என்பது அவர்கள் விளக்கிய உண்மை. எனவே, கலைப் பயிற்சி ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீட்டளவில் விலை கூடிக்கொண்டே போகும். அதைச் சந்தையிடம் விட்டுவிட்டால், வாங்க வல்லவர்களின் குழந்தைகளுக்கு மட்டுமே அது எட்டும். பொதுச் செலவு தேவைப்படுவதற்கான காரணம் இதுதான். கைப்பேசிக் காணொலி இதற்கு மாற்றாகாது. குழந்தையின் தோளைத் தொட்டுத் தாளத்தைத் திருத்தும் ஆசிரியர் காணொலியில் இல்லை.

கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊருக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடலூர், விழுப்புரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களையொட்டித் தெருக்கூத்து பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை நடைபெறுகிறது. அதன்பின் கலைஞர்களுக்கு வாய்ப்புக் குறைவு. ஆவணி முதல் மாசி வரையிலான அந்த ஏழு மாதங்கள் பள்ளியாண்டின் பெரும்பகுதியோடு பொருந்துவது நல்வாய்ப்பு. விடுமுறைகள் போக 25 வாரங்கள், வாரம் இரு நாள் என்றால் 50 அமர்வுகள். கலைஞருக்கு அமர்வுக்கு ரூ.600 வீதம் ரூ.30,000, உடனிருக்கும் தன்னார்வலருக்கு ரூ.150 வீதம் ரூ.7,500, 25 குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தலா ரூ.10 வீதம் ரூ.12,500, கருவிகள், பொருள்களுக்கு ரூ.5,000. ஆக மொத்தம் ரூ.55,000. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ரூ.2,200, அமர்வுக்கு ரூ.44. ஊருக்கு ஊர் இத்தொகை சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால், அரசுக்கும் சமூகத்துக்கும் எட்டாத தொகை அன்று.

நிதிக்கு வழியும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் அப்பணிகளின் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. என்எல்சி போன்ற பெரும் பொதுத்துறை நிறுவனம் இம்மாவட்டத்திலேயே, நெய்வேலியில் உள்ளது. பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் இயற்றித் திட்டத்தை எழுத்தில் தந்தால் கேட்பதற்கு வலு இருக்கும்.

நடத்திக் காட்டிய முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது. கரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில், குடியிருப்புக்கு அருகிலேயே, மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் ஏறத்தாழ 20 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் கற்பித்தனர். கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், மீட்கப்பட்ட கற்றலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான 24 சதவீதம் இத்திட்டத்தால் விளைந்தது என்று மதிப்பிட்டனர். மாலை நேரமும், உள்ளூர்த் தன்னார்வலரும், சிறு குழுவும் சேர்ந்தால் என்ன சாத்தியம் என்பதற்கு இது நம் மண்ணிலேயே கிடைத்த சான்று. அதே அமைப்பில் வாரம் இரு நாள் ஒரு கலைஞரைச் சேர்ப்பதுதான் இங்கு முன்வைக்கப்படும் கோரிக்கை.

சில தடைகளையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். முதலாவது, சாதி. பறையும் கூத்தும் இன்னார் செய்வது என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. கோயில் விழாவில் ஓரமாக நின்று இசைத்தவர், பள்ளி வளாகத்தில் 'ஆசிரியர்' என்ற பெயரோடு எல்லாத் தெருக் குழந்தைகளுக்கும் கற்பிக்கும்போது அந்த எண்ணம் அசையும். அவருடைய கையிலிருந்து பறையை வாங்கி முழக்கிய குழந்தை, வளர்ந்தபின் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்கக் கூசும். இத்திட்டத்தின் மிகப் பெரிய பயன் இதுவாகவே இருக்கலாம்.

இரண்டாவது, பெண் குழந்தைகள். பத்துப் பன்னிரண்டு வயதானதும் ஆட்டமும் பாட்டும் போதும் என்று நிறுத்திவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆறு வயதிலேயே தொடங்கினால் குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சியேனும் அக்குழந்தைக்குச் சொந்தமாகும்.

மூன்றாவது, பாதுகாப்பு. குழந்தைகளோடு பழகும் எந்த ஏற்பாட்டிலும் இதில் சமரசம் கூடாது. பயிற்சி திறந்த கூடத்தில் நடக்க வேண்டும். எப்போதும் இரு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் பெண், உடனிருக்க வேண்டும். தனி அறைப் பயிற்சி கூடாது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற விதி வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 1098 என்ற உதவி எண்ணும் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இருட்டுவதற்குள் குழந்தைகள் வீடு சேர்வதற்கான பொறுப்பையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு, விளையாட்டு, கலை வாழ்வில் பங்கேற்பு ஆகியவை குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. 1989-இல் நிறைவேறிய அவ்வுடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமைக்குக் கிராமத்துக் குழந்தையின் வாழ்வில் ஓர் இடமும் ஒரு நேரமும் வேண்டும். இடம், மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடம். நேரம், நாலரை மணி. கற்பிப்பவர், வாய்ப்பின்றி வீட்டில் அமர்ந்திருக்கும் கலைஞர். இம்மூன்றையும் ஒன்றுசேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வரும் ஆவணியில் தொடங்குவதானால், பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சி மன்றமும் இப்போதே கூடிப் பேசி, பூட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்தால் போதும்.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (பணி நிறைவு).